இரண்டு இடது கால்

மார்ச் 2

மரத்தைக் கைப்பிடித்து மாமனைக் கைவிட்ட மருமகளுக்கு,

இருப்புப்பாதைகளின் மாஜிச் சக்கரவர்த்தியும், முப்பத்தோரு வருஷம் ரயில் ஓட்டி ஒரு எறும்பின் மேல்கூட ஏற்றாதவனும், குடும்பத்தாரால் பொறாமையோடு ‘பீரங்கி’ என்று அழைக்கப்படுகிறவனுமாகிய உன் மாமன் எழுதுவது.

இரண்டு வருஷமாக நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லைதான். ஆனால் நான் எழுதாததற்குப் பேனாவில் மை தீர்ந்தது காரணம். நீ எழுதாததற்கு உன் மூக்கு நுனியில் குடியிருக்கும் கோபம் காரணம். போகட்டும், பெரிய மனதோடு மன்னித்தேன்.

உன் அம்மாவை நேற்றுப் பார்த்தேன். இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது உனக்குத் தெரியும். அக்கா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு பதினோரு அடி நடக்கிறாள். ஏப்ரல் பத்தாம் தேதி வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். உங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருப்பதால் எங்கள் வீட்டுக் கீழறைக்குத்தான் வருகிறாள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “கட்டில் மெத்தையோட சேர்த்து இருபத்தோரு அங்குலம் இருக்கணும். தாழ்வா இருந்தா எழுந்திருக்கும்போது புது மூட்டு நழுவிடும். முக்கியமா, ஆடவே கூடாது.”

அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. “கடைக் கட்டில் எதுக்கு டாக்டர்? நானே செய்றேன், ஒரு ஆணிகூட இல்லாம. அக்காவோட ரெண்டு யானையும் சேர்ந்து படுக்கலாம்” என்றேன். அக்கா சிரித்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரி தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள்.

இனிப் பின்வாங்க முடியாது. உளி, கொட்டாப்புளி, இழைப்புளி எல்லாம் வாங்கிவிட்டேன். முதல் நாளே உளி என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. ஓடிய ரத்தத்தில் ஓடம் விடலாம். உன் அத்தை பஞ்சைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னது: “ஆப்பசைச்ச குரங்குக்கு வால் ஒண்ணுதான் மாட்டிச்சு. உங்களுக்கு என்னென்ன மாட்டப்போகுதோ.”

எனக்கு உதவி எதுவும் வேண்டாம். ஒரு வரைபடம் இருந்தால் போதும். கொஞ்சம் மரமும். கொஞ்சம், எப்படிச் செய்வது என்பதும்.

என்றும் குறையாத கம்பீரத்துடன்,
பீரங்கி மாமா


மார்ச் 7

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்காக மட்டும் பதில் எழுதுகிறேன்.

உங்கள் பேனாவில் மை தீர்ந்ததல்ல விஷயம். என் முதல் நாற்காலியை உங்கள் வீட்டில் வைத்திருந்தேன், நூலகத் தலைவி வந்து பார்ப்பதற்காக. பிடித்திருந்தால் அதே மாதிரி பன்னிரண்டு செய்யச் சொல்வதாக இருந்தார். நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள்? “உட்கார்ந்ததும் நாலாப் பிளந்துடுச்சுங்க, நான் தரைக்குள்ள ஒரு அடி இறங்கிட்டேன்.” எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். நான் ஊரை விட்டு வந்தது அதற்கப்புறம்தான்.

நான் வந்து செய்ய முடியாது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பெஞ்சு ஏப்ரல் பதினைந்துக்குள் தர வேண்டும். பட்டறையில் நான் ஒருத்திதான். அதனால் நீங்கள்தான் செய்தாக வேண்டும். என்னைக் கேட்டால், கடையில் வாங்கிவிடலாம். ஆனால் அம்மா சிரித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தேக்கை இழைத்து, அளவுக்கு அறுத்து லாரியில் அனுப்புகிறேன். வரைபடம் கூடவே வரும். கால்களில் துளை போடுவதும், சட்டங்களின் நுனியில் துளைக்குள் போய் உட்காரும் கழுந்தை வெட்டுவதும் உங்கள் வேலை. கழுந்து துளைக்குள் கையால் தள்ளினால் போகக்கூடாது, கொட்டாப்புளியால் நாலு தட்டில் போக வேண்டும். நாற்பது தட்டு தேவைப்பட்டால் கால் பிளந்துவிடும்.

ஒவ்வொரு மரத்திலும் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன், எது முகம், எது உள்பக்கம், எது இடது, எது வலது என்று. கட்டில் எழுந்து நிற்கும்வரை அந்தக் குறிகள் இருக்க வேண்டும்.

போனில் கூப்பிடாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் சிரிக்க வைப்பீர்கள். நான் இன்னும் சிரிக்கத் தயாராக இல்லை. அளவுகளை எழுதுங்கள். அளவுகளை மட்டும்.


மார்ச் 15

அளவுக்கு அதிபதியான அன்பு மருமகளே,

மரம் வந்து சேர்ந்தது. லாரியிலிருந்து கட்டை இறக்கியபோது தெருவே ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. எதிர்வீட்டு டெய்லர் ஓடி வந்து “கப்பல் கட்டப் போறீங்களா சார்?” என்றார். “முதல்ல கட்டில், அப்புறம் கப்பல்” என்றேன். அவர் ஒரு கேபின் முன்பதிவு செய்திருக்கிறார்.

நீ எழுதிய ‘நாலு தட்டு’ சாஸ்திரத்தைப் பழகினேன். பழகியது விறகுக் கட்டையில், பயப்படாதே. முதல் கழுந்து துளைக்குள் மூக்குப்பொடி டப்பியில் விரல் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது போகவே மறுத்தது. ஏழாவது, சத்தியமாகச் சொல்கிறேன், நாலு தட்டில் போய் உட்கார்ந்தது. நாலாவது தட்டில் ஒரு சத்தம் வருமே, ‘டொக்’ என்று அடிவயிற்றில் கேட்கிற மாதிரி! உடனே அத்தையைக் கூப்பிட்டு மறுபடி கழற்றி மறுபடி தட்டிக் காட்டினேன். “இதுக்கா அடுப்பை அணைச்சுட்டு வரச் சொன்னீங்க?” என்றாள். ரசனை கெட்ட ஜென்மம்.

ஒரு நல்ல சேதி. லாரியில் வந்த மரம் ஒரே அழுக்கு. கிரீஸ் ஒரு பக்கம், உன் பென்சில் கிறுக்கல் ஒரு பக்கம். உப்புத்தாளை வைத்து அத்தனையையும் தேய்த்துக் குழந்தை முகம் மாதிரி ஆக்கிவிட்டேன். எது இடது, எது வலது எல்லாம் என் மனதில் இருக்கிறது. நூற்றிருபது ஸ்டேஷன், அறுநூறு சிக்னல், அத்தனையையும் தலைக்குள் வைத்திருந்தவனுக்கு நாலு கால் எம்மாத்திரம்!

அந்த நாற்காலி விஷயம்: சிரிப்புக்குச் சொன்னது. மக்கள் அதையெல்லாம் நம்புவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

துளைகள் நாளை ஆரம்பம்.
பீரங்கி


மார்ச் 20

மாமா,

குறிகளையா தேய்த்தீர்கள்?

உளியைக் கீழே வையுங்கள். துளை போடாதீர்கள். போட்டிருந்தால் இதோடு நிறுத்துங்கள். நான்கு கால்களையும் கட்டிலில் நிற்க வேண்டியபடி தரையில் நிறுத்தி, பக்கத்தில் நின்று பார்த்து, எந்தத் துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உடனே எழுதுங்கள்.


மார்ச் 22

மருமகளே,

வேலை மின்னல் வேகத்தில் போகிறது. மின்னல் வந்து என்னிடம் வேகம் கடன் கேட்டது. கட்டில் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். முடிந்தே விட்டது என்றுகூடச் சொல்லலாம்.

அது கிடக்கட்டும். சும்மா ஒரு யோசனை. அக்கா வாக்கரை விட்டதும் கையில் பிடித்து நடக்க ஒரு ஊன்றுகோல் வேண்டாமா? நானே செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். அதே தேக்கில் ஒரு துண்டு அனுப்ப முடியுமா? மூன்று அங்குலச் சதுரம், மூன்றரை அடி நீளம் இருந்தால் ஊன்றுகோலுக்குக் கச்சிதமாக இருக்கும். அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த வாரத்துக்குள் வந்தால் நல்லது.

நான் நலம். வலது, இடது எல்லாம் நலம்.
மாமா


மார்ச் 27

மாமா,

எந்தக் கால்?

மூன்று அங்குலச் சதுரத்தில் ஊன்றுகோல் பிடிக்க அம்மா என்ன பயில்வானா? மூன்றரை அடி என்பது தலைமாட்டுக் காலின் நீளம். தலைமாட்டில் இரண்டும் ஒரே பக்கத்துக் காலாகப் போய்விட்டன, சரியா? இரண்டும் இடதா, இரண்டும் வலதா?

நான் செய்த முதல் கட்டிலுக்கும் இரண்டு வலது கால் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டியதை அச்சு அசலாக வெட்டிவிடுவோம். இரண்டும் அழகாக இருக்கும். சேர்த்து நிறுத்தும்போதுதான் ஒன்றின் துளை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் வேலையில் இதைச் செய்யாதவர் கிடையாது. அதனால்தான் குறி. அதனால்தான் எப்போதும் ஒரு கால் கூடுதல். நான் அனுப்பியது ஐந்து கால், மாமா. கட்டுக்கு அடியில் துணி சுற்றி, தனியாக. வரைபடத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன். படித்திருக்க மாட்டீர்கள்.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் வேண்டும். பக்கவாட்டில் நீளமாக ஓடும் நெடுஞ்சட்டத்தின் கழுந்தை அறுத்துத் தள்ளிவிட்டு ஆணி அடித்தீர்களா? தப்பிப்போனது வலது பக்கம் என்றால், அதுதான் அம்மா இறங்குகிற பக்கம். தினமும் பத்து தடவை விளிம்பில் உட்கார்ந்து எழுந்திருப்பாள். மரத்தின் நுனியில் அடித்த ஆணி ஒரு மாதத்தில் தளரும், ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும். புது மூட்டோடு அவள் தரையில் கிடப்பாள்.

உங்கள் கையைப் பற்றி எனக்குப் பயமில்லை. நாலு தட்டில் உட்கார்ந்ததைப் பற்றி எழுதியதைப் படித்தபோதே தெரிந்தது, கை தேறிவிடும் என்று. உங்கள் வாயைப் பற்றித்தான் பயம். ‘நல்லா இருக்கு’ என்று நீங்கள் எழுதினால் அதை வைத்து நான் என்ன செய்வது? அம்மாவை அதன்மேல் எப்படி உட்காரச் சொல்வது?


மார்ச் 31

அன்புள்ள மருமகளுக்கு,

இரண்டும் இடது.

உன் இருபதாம் தேதிக் கடிதம் வந்தபோதே பிரித்துப் படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். கவிழ்த்து வைத்தால் அது என்னைப் பார்க்காது என்று நினைப்பு. நாலங்குல ஆணி எட்டு வாங்கினேன். கழுந்தை அறுத்துவிட்டு ஆணி அடித்து, தலையை உள்ளே இறக்கி, மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பூசிவிட்டால் பிரம்மனுக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். ‘ஒரு ஆணிகூட இல்லாமல்’ என்று வார்டு முழுக்கச் சொன்ன வாய்தான்.

இன்று காலை கழுந்தின் மேல் ரம்பத்தை வைத்தேன். ஒரு நூல் அளவு இறங்கியது. வாசலில் தபால்காரர் மணி அடித்தார். இது மிகையில்லை. நீ நம்பமாட்டாய் என்பதால் கீழே சாட்சிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

உன் கடிதம். படித்ததும் ரம்பத்தை எடுத்துவிட்டேன். கழுந்து பிழைத்தது. ஒரு கீறல்தான். நீளம் முழுசாக இருக்கிறது.

ஐந்தாவது கால் கிடைத்தது. அதை மரம் உருளாமல் இருக்க வைத்த கட்டை என்று நினைத்துப் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தோம். இரண்டு வாரமாக ராத்திரி பகலாக நம் வீட்டைக் காவல் காத்திருக்கிறது. உன் குறி அப்படியே இருக்கிறது. தேய்க்கவில்லை. தேய்க்க மாட்டேன்.

இன்னொன்று. இதற்கும் வாயைக் கழுவிக்கொண்டுதான் வருகிறேன். அந்த நாற்காலி பிளக்கவில்லை. ஜன்னலில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, பின்னிரண்டு காலில் சாய்த்து ஆடிக்கொண்டிருந்தேன். ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். அது நாற்காலியா என் முதுகெலும்பா என்பதுகூட நிச்சயமில்லை. அவ்வளவுதான் நடந்தது. நூலகத்தம்மா வந்ததும் எல்லோரும் முகத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். என்னால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. ‘தரைக்குள் ஒரு அடி’ என்பதை அதற்கப்புறம்தான் சேர்த்தேன்.

இரண்டு வருஷமாக நான் உட்காருவது அந்த நாற்காலியில்தான். இந்தக் கடிதங்கள் எல்லாம் அதில் உட்கார்ந்து எழுதியவை. தொண்ணூற்றிரண்டு கிலோ. அது இன்றுவரை முனகவில்லை.

மாமா

மேலே ரம்பம் பற்றியும் தபால்காரர் பற்றியும் சொன்னது உண்மை. எடை மட்டும் தொண்ணூற்றாறு. — அத்தை


ஏப்ரல் 9

மருமகளுக்கு,

நீ கேட்ட அளவுகள்.

சட்டத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து பதினேழு அங்குலம். நான்கு மூலையிலும் அளந்தேன். மெத்தை நான்கு அங்குலம். மொத்தம் இருபத்தொன்று.

மூலைக்கு மூலை ஒரு பக்கம் எண்பத்தொன்பது அங்குலம். மறுபக்கம் எண்பத்தொன்பது அங்குலமும் ஒரு நூலும்.

இந்தத் தாளின் மூலையை ஒவ்வொரு கழுந்துக்கும் துளைக்கும் நடுவே செருகிப் பார்த்தேன். மூன்று கால்களில் நுழையவில்லை. கால்மாட்டு இடது காலில் நுழைந்தது. அதைக் கழற்றி, கழுந்தின் மேல் மெல்லிய சீவல் ஒன்றைப் பசை வைத்து ஒட்டி, ஒருநாள் காயவிட்டு மறுபடி தட்டினேன். ஐந்து தட்டு. இப்போது நுழையவில்லை. தாளின் மூலை மடங்கியிருப்பது அதனால்தான்.

ஐந்தாவது கால் தலைமாட்டு வலதில் நிற்கிறது. நாலு தட்டு.

வலது விளிம்பில் உட்கார்ந்து ஐம்பது தடவை எழுந்தேன். ஆடவில்லை. அத்தையும் நானும் சேர்ந்து உட்கார்ந்தோம். ஆடவில்லை.

ஆணி இல்லை.

அக்கா நாளை காலை வருகிறாள்.

மாமா


ஏப்ரல் 13

மாமா,

உங்கள் கடிதம் என்னைப் பயமுறுத்திவிட்டது.

யானை இல்லை. மின்னல் இல்லை. சக்கரவர்த்தி இல்லை. மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, சொல்லத் தைரியமில்லாமல் அளவை எழுதியிருக்கிறீர்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். பசைத் தூரிகையைக் கையில் பிடித்தபடியே அத்தைக்குப் போன் செய்தேன். “அம்மாவுக்கு என்ன ஆச்சு, அத்தை? மாமா ஏன் இப்படி எழுதியிருக்காரு?” “ஒண்ணும் ஆகலடி. வாயைக் கையால பொத்திக்கிட்டு மூணு மணி நேரம் அந்தக் கடுதாசியை எழுதினாரு. எழுதி முடிச்சதும் வேர்த்துக் கொட்டிடுச்சு. எதிர்வீட்டு டெய்லரைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் அள்ளிவிட்டாரு, அப்புறம்தான் சரியானாரு” என்றாள். அம்மா தூங்குகிறாள் என்றும் சொன்னாள். நல்லாத் தூங்குகிறாளாம்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். பெஞ்சின் மேலேயே உட்கார்ந்து, பசை ஒட்டியதுகூடத் தெரியாமல் சிரித்தேன்.

ஒரு நூல் வித்தியாசம் பரவாயில்லை. சீவல் வைத்து அடைத்தது யாரும் சொல்லித்தராமல் நீங்களே கண்டுபிடித்ததா? நான் அப்படித்தான் செய்வேன்.

அம்மா முதல் தடவை அதில் உட்கார்ந்ததையும் எழுந்ததையும் எழுதுங்கள். அளவு வேண்டாம். உங்கள் பாணியிலேயே எழுதுங்கள். எது எவ்வளவு என்று நானே கழித்துப் படித்துக்கொள்கிறேன்.


ஏப்ரல் 18

கட்டில்குலத் திலகமே, என் கண்ணான மருமகளே!

அப்பாடா. ஒன்பது நாளாகத் தொண்டைக்குள் சிக்கிக் கிடந்த யானை இப்போதுதான் வெளியே வந்தது.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு என் அக்கா பட்டத்து ராணியாகப் பவனி வந்தாள். தெருவில் காக்கைகள் இரண்டு வரிசையாக நின்று வழிவிட்டன. டெய்லர் தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு மூன்றாவது கை வைத்துவிட்டார், பார்த்துக்கொண்டே தைத்ததில். அறைக்குள் வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். சுற்றி வந்து குனிய முடியாமல் குனிந்து பார்த்தாள். பூதக்கண்ணாடி கேட்டாள். கொடுத்தேன். ஆணி தேடினாள். கிடைக்கவில்லை. உட்கார்ந்தாள். கட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. பூமி மட்டும் மரியாதைக்காக லேசாகத் தலையசைத்தது.

இனி வருவதில் எதையும் கழிக்காதே.

மத்தியானம் தூங்கி எழுந்து, தானே எழுந்திருக்கிறேன் என்றாள். நானும் அத்தையும் இரண்டு பக்கமும் நின்றோம். “தொடாதீங்க” என்றாள். வலது கையால் தலைமாட்டு வலது காலைப் பிடித்தாள். உன் குறி இன்னும் இருக்கிற கால். ஒரு மூச்சு இழுத்து எழுந்தாள். நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை, மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. “எழுந்துட்டேன்டா” என்றாள். நான் பின்கதவின் முட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். அதைச் சரிபார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. (அங்கே இப்போது காவலுக்கு நிற்பது உபரி இடது கால். அதன் துளையில் அத்தை வீட்டுச் சாவியை வைக்கிறாள்.)

திரும்பி வந்ததும் அக்கா கேட்டாள். “உண்மையைச் சொல்லு, நீயா செஞ்சே?”

“இல்லக்கா. செஞ்சது உன் பொண்ணு. நான் இங்க தட்டினேன், அவ்வளவுதான்.”

“இதுவும் உன் கதையா?”

“இல்லக்கா. இது அளந்து சொன்னது.”

நேற்று உன் நாற்காலியைத் தோளில் சுமந்து நூலகத்துக்குப் போனேன். தலைவியம்மாள் என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார், நான் ஒரு அடி இறங்கிய இடம் அங்கேயும் இருக்கிறதோ என்று. “இதுவா அன்னிக்கு நாலாப் பிளந்துச்சு?” என்றார். “பிளந்தது என் வாய்ங்க. நாற்காலி அப்படியே இருக்கு” என்றேன். உட்கார்ந்தார். அக்கம்பக்கம் யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பின்னிரண்டு காலில் சாய்ந்தார். முனகலே இல்லை. “யானை உட்கார்ந்தாலும்...” என்று ஆரம்பித்தேன். “மனுஷங்க உட்கார்ந்தா போதும் சார்” என்று அடக்கிவிட்டார். வேறெங்கோ வாங்கிய பன்னிரண்டில் ஐந்து ஆடுகின்றனவாம். “அந்த அஞ்சுக்குப் பதிலா செய்யணும். உங்க மருமகளை வந்து பார்க்கச் சொல்லுங்க. நீங்க கூட வர வேண்டாம்” என்றார்.

வேறு வழியில்லை, வந்துதான் ஆக வேண்டும். பெஞ்சுகளைத்தான் கொடுத்தாயிற்றே, கிளம்பி வா. இதை அக்காவிடம் படித்துக் காட்டியபோது அவளும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். கட்டிலில் சாய்ந்தபடி அவள் சொன்னது, சொன்னபடியே: “வரும்போது வலது காலை எடுத்து வச்சு வரச் சொல்லு. இடது கால்தான் வீட்ல ஒண்ணு கூடுதலா இருக்கே.”

உன் பீரங்கி